வீரணன் பெயரின் அளவு

மதுரையில் ஒருவரை அவமானப்படுத்த வாயைத் திறக்கவே வேண்டாம். போஸ்டரில் அவர் பெயரைக் கொஞ்சம் குறைத்து அடித்தால் போதும். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஜனகராஜ் அண்ணனின் அச்சகத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி என்று வருடக்கணக்கில் போஸ்டர் வடிவமைத்தவள் நான். யார் பெயர் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். தாய்மாமன் பெயர் சித்தப்பா பெயரைவிட ஒரு சுற்றுப் பெரிதாக இருக்க வேண்டும். ஊர்த் தலைவருக்கு மஞ்சள் எழுத்து, சிவப்பு ஓரம். ஓரம் விட்டுப்போனால் ஆள் வந்துவிடும்.

ஒருமுறை செக்கானூரணிப் பக்கம் ஒரு காதுகுத்து. சீர்த்தட்டுகளோடு வேனில் வந்த தாய்மாமன் மண்டபச் சுவரில் இருந்த போஸ்டரைப் பார்த்தார். அவர் பெயரும் சித்தப்பா பெயரும் ஒரே உயரம். அவர் வேனை விட்டு இறங்கவே இல்லை. எங்களுக்குப் போன் வந்து, புதுப் போஸ்டர் அடித்து, அதைப் பழையதன் மேல் ஒட்டிய பிறகுதான் மனுஷன் செருப்பைத் தரையில் வைத்தார். அதற்குள் குழந்தை அழுது ஓய்ந்து தூங்கிவிட்டது. தூங்குகிற பிள்ளைக்குத்தான் காது குத்தினார்கள்.

என் பெயர் சத்யப்ரியா. வீடு திருநகரில். எனக்கு வாய் நீளம் என்று வீட்டிலும் சொல்வார்கள், அச்சகத்திலும் சொல்வார்கள். நான் மறுத்ததில்லை.

ஜனகராஜ் அண்ணன் சௌராஷ்டிரர். அவர் குடும்பத்தில் எல்லாரும் தறி, ஜவுளி என்று இருக்க, இவர் மட்டும் அச்சுக்கு வந்தார். நல்ல மனிதர். கோபம் வந்தால் மட்டும் எனக்குப் புரியக்கூடாது என்று வீட்டு மொழிக்குப் போய்விடுவார். நாள்பட நாள்பட எனக்கு அந்த மொழியில் திட்டுகள் மட்டும் நன்றாகப் புரிய ஆரம்பித்தன. இரண்டாயிரத்து நாலில் அவருக்கு ஓர் ஆசை வந்தது. சிங்கப்பூரிலும் மஸ்கட்டிலும் இருக்கிற நம்ம ஊர்க்காரர்களுக்காக இன்டர்நெட்டில் ஒரு மாத இதழ் நடத்த வேண்டும். ‘மாசிவீதி’ என்று பெயர் வைத்தார். பக்கங்களை வடிவமைப்பது என் வேலை. ஆனால் கடைசிக் கை அவருடையதாகத்தான் இருக்கும். நான் முடித்து வைத்ததை எடுத்து ‘கொஞ்சம் எடுப்பாக்கி’ விடுவார்.

அந்த எடுப்பை என்னவென்று சொல்வது. பின்னால் அரக்குச் சிவப்பு. அதன் மேல் தடித்த மஞ்சள் எழுத்து, அதுவும் பொடிப்பொடியாக. மேலே வலமிருந்து இடமாக ஒரு வரி ஓடிக்கொண்டே இருக்கும். கட்டுரைக்குள் எந்தப் பெரிய மனிதர் பெயர் வந்தாலும், நடு வாக்கியமாக இருந்தாலும் சரி, அந்தப் பெயர் மட்டும் தனி வரியில் ஆளுயரத்துக்கு எழுந்து நிற்கும். மிச்ச வாக்கியம் அதன் காலடியில் நசுங்கிக் கிடக்கும். சுவரில் ஒட்டுகிற போஸ்டரை அப்படியே பெயர்த்துக் கம்ப்யூட்டருக்குள் ஒட்டியிருந்தார் அண்ணன்.

இதழில் உண்மையாகவே எழுதத் தெரிந்தவர் ஒருவர்தான். ஜெயபாண்டி. அலங்காநல்லூர்ப் பக்கத்துக்காரர். பழைய டி.வி.எஸ். ஃபிப்டியில் ஊர் ஊராகப் போய், உட்கார்ந்து பேசி, கேட்டுக் கேட்டு எழுதுவார். நான்கு வரி எழுத நாற்பது பேரிடம் பேசுகிற ஆள். அவர் எழுதியதை டைப் செய்யும்போது பல தடவை கையை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறேன். அப்படி இருக்கும்.

ஆனால் இதழின் விருந்தினர் பக்கத்தில் வாசகர்கள் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்தால் எரிச்சலாக வரும். ‘எங்கள் பெரியப்பா பெயரைப் போட்டதற்கு நன்றி.’ ‘மாமா பெயர் சூப்பர்.’ ‘அடுத்த மாதம் எங்கள் பங்காளி பெயரும் வர வேண்டும்.’ கட்டுரையில் என்ன இருந்தது என்று ஒரு பிறவி எழுதியதில்லை.

ஆடி மாத இதழில் ஜெயபாண்டி செவலை என்ற ஜல்லிக்கட்டுக் காளையைப் பற்றி எழுதியிருந்தார். அலங்காநல்லூருக்கு அந்தப் பக்கம் ரைஸ் மில் வைத்திருக்கும் வீரணன் அய்யாவின் மாடு அது. எத்தனையோ வாடிவாசலில் பிடிபடாமல் போன மாடு, நோயில் விழுந்து செத்துப்போனது. ஊரே கூடி, மாலை போட்டு அடக்கம் செய்தது. அந்தக் கட்டுரையில் வீரணன் பெயருக்கு ஜனகராஜ் அண்ணன் கொடுத்த உயரத்தில் ஒரு தென்னங்கன்றே நடலாம். வீரணன் அய்யா அதைக் கலரில் பிரின்ட் எடுத்து, லேமினேட் செய்து, மில்லில் தன் நாற்காலிக்கு மேலே மாட்டிவிட்டார். சுற்றுப்பட்டி ஊர்களின் திருவிழாப் போஸ்டர், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அவர் வாக்கில்தான் எங்கள் அச்சகத்துக்கு வந்துகொண்டிருந்தது. அதனால் அண்ணனுக்கு அந்த லேமினேஷன் பெரிய விருது வாங்கிய மாதிரி.

மார்கழி பிறந்தபோது ஜெயபாண்டி வந்து, பொங்கல் இதழோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். சண்டை போட்டுச் சொல்லவில்லை, அமைதியாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

“எம்புட்டு எழுதினாலும் பேரைத்தான் எண்ணுறாய்ங்க சத்யா,” என்றார். “எனக்கு எழுத வரலைபோல. வராததை எதுக்குப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. அவர் எழுத்தில் ஒரு குறையும் இல்லை, குறை முழுக்கப் பக்கத்தில் இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். தெரிந்தால் மட்டும் போதுமா, அண்ணனிடம் காட்ட வேண்டுமே. ஜெயபாண்டி போய்விட்டால் அந்த இதழில் ஓடுகிற வரியும் ஆளுயரப் பெயர்களும்தான் மிஞ்சும். அதற்கு நான் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போகலாம்.

தல்லாகுளத்தில் என் தோழி காவ்யஸ்ரீ பிரௌசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்தாள். கோர்ட்டுக்கு வருகிறவர்கள், பரீட்சை முடிவு பார்க்க வருகிறவர்கள், வெளிநாட்டு மாப்பிள்ளைக்கு மெயில் அனுப்ப வருகிறவர்கள் என்று எந்த நேரமும் ஆள் இருக்கும். காத்திருப்பவர்களிடம் போய், செவலை கட்டுரையைத் திறந்து காட்டி, சத்தமாகப் படியுங்கள் என்று கேட்டேன். அச்சகத்தில் புரூஃப் பார்க்கும்போது நாங்கள் செய்வது அதுதான். ஒருவர் வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் கேட்டுக்கொண்டே பார்ப்பார். வாய் எங்கே தடுக்குகிறதோ அங்கே ஏதோ கோளாறு இருக்கும். இங்கே நான் எழுத்துப் பிழையைத் தேடவில்லை, கண் எங்கே விழுகிறது என்று தேடினேன்.

படித்தவர்கள் பட்ட பாட்டைப் பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு வக்கீல் குமாஸ்தா ஒரே வரியை இரண்டு முறை படித்தார், படித்தது அவருக்கே தெரியவில்லை. வரி அவ்வளவு நீளம், கண் திரும்பி வரும்போது வழி தவறிவிட்டது. ஒரு கல்லூரிப் பெண் கம்ப்யூட்டருக்குள் தலையை விட்டுவிடுவாள்போலக் குனிந்தாள். தடித்த எழுத்தில் சுழியெல்லாம் அடைபட்டு, ண-வும் ன-வும் ஒன்றாகத் தெரிந்தன. ஆனால் இதையெல்லாம்விட முக்கியமான ஒன்றைக் கவனித்தேன். பெரிய பெயர் வந்த இடத்தில் எல்லாரும் நின்றார்கள். நின்று, அந்தப் பெயரை ஒருதரம் அழுத்திப் படித்துவிட்டு, மறுபடி தொடங்கும்போது இரண்டு பத்தி தள்ளித்தான் தொடங்கினார்கள். அந்தப் பெயருக்குக் கீழே நசுங்கிக் கிடந்ததை ஒருவர்கூடப் படிக்கவில்லை. குமாஸ்தாவிடம் மாடு எப்படிச் செத்தது என்று கேட்டேன். மாடு செத்துப்போச்சா என்று என்னைத் திருப்பிக் கேட்டார்.

அன்றைக்கே வேலையை ஆரம்பித்தேன். அரக்குச் சிவப்பைத் தூக்கிவிட்டு, பழுப்பேறிய வெள்ளை. அதில் கறுப்புக்கு ஒரு படி குறைந்த எழுத்து. தடிமனை எடுத்தேன். அளவை எல்லாருக்குமாகச் சேர்த்துக் கூட்டினேன். நம் எழுத்து மேலேயும் கொக்கி போடும், கீழேயும் வால் விடும். இங்கிலீஷுக்கு விடுகிற இடைவெளியை இதற்கு விட்டால் மேல்வரியின் கூவன்னாவின் வால் கீழ்வரியின் கீயன்னாவின் சுழியில் போய் இடிக்கும். அதனால் வரிக்கும் வரிக்கும் தாராளமாக இடம் விட்டேன். ஒரு மூச்சில் படிக்கிற அளவுக்கு வரியைக் குறுக்கினேன். வரிகளின் இரண்டு ஓரமும் நேராக நிற்க வேண்டும் என்று இழுத்துக் கட்டுகிற வழக்கத்தை விட்டேன். நம் சொற்கள் நீளம், இழுத்துக் கட்டினால் நடுவில் பொக்கை விழும். எழுத்துருவை இறக்கிக்கொள்ளுங்கள் என்று கெஞ்சுகிற அறிவிப்பை எடுத்துவிட்டு யூனிகோடுக்கு மாற்றினேன். ஓடுகிற வரியை நிறுத்தினேன். அதில் எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி மாளாது.

மிச்சம் இருந்தது பெயர்கள். அவற்றையும் மற்றச் சொற்களின் அளவுக்கே இறக்கினேன். பழைய இதழ்கள் அத்தனையிலும் போய், நின்றுகொண்டிருந்த பெயர்களை ஒவ்வொன்றாக அவரவர் வாக்கியத்துக்குள் உட்கார வைத்தேன். அதற்குத்தான் நாள் பிடித்தது.

ஜனகராஜ் அண்ணன் புதுப் பக்கத்தை வெகுநேரம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுப் பார்த்தார். படிக்கச் சுகமாக இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார், நேர்மையானவர். அப்புறம் பெயர்களைப் பற்றிக் கேட்டார். எல்லாம் ஒரே அளவு என்றேன். கொஞ்ச நேரம் வீட்டு மொழியில் பேசினார். பாதிக்கு மேல் எனக்குப் புரிந்தது.

“நீ என் கடையை மூடச் சொல்ற,” என்றார் கடைசியில் தமிழுக்கு வந்து. “பேரைக் குறைச்சா இந்த ஊர்ல கொலையே விழும்மா. உனக்குத் தெரியாதா?”

“போஸ்டர் பஸ்ல போறவன் பாக்குறதுண்ணே,” என்றேன். “அவன் திரும்புறதுக்குள்ள போயிரும், அதுக்குப் பேரு பெருசாத்தான் இருக்கணும். இதை ஒருத்தன் மஸ்கட்ல ரூம்ல உக்காந்து படிக்கணும். பாக்குறது வேற, படிக்கிறது வேற. ரெண்டையும் ஒரே செவுத்துல ஒட்டுனா, பாத்துட்டுப் போயிருவான், படிக்க மாட்டான்.”

அண்ணன் யோசித்தார். பிறகு ஒரு முடிவு சொன்னார். பொங்கல் வரைக்கும் புதுப் பக்கம் இருக்கட்டும். அதற்குள் ஒரே ஒரு பெரிய மனிதர் முகம் சுளித்துக்கொண்டு இந்த மாடிப்படி ஏறினாலும், பழையபடி மாற்றுகிற வேலைகூடக் கிடையாது, அன்றோடு இதழையே மூடிவிடுவார். நெட்டுக்காக அச்சகத்தை இழக்க அவரால் முடியாது. அவர் சொன்னது நியாயம்தான். நானும் சரி என்றேன். யாரும் வர மாட்டார்கள் என்று நினைத்துச் சரி சொல்லவில்லை. வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்ற திமிரில் சொன்னேன்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் வந்தார்கள். அதாவது, வந்தார். ஒருத்தர்தான், ஆனால் பத்துப் பேருக்குச் சமம்.

காலையில் ஜெயபாண்டி தன் கடைசிக் கட்டுரையைக் கொடுத்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். சந்துக்குள் புல்லட் சத்தம் கேட்டது. அந்தச் சந்தில் புல்லட் நுழைந்தால் எங்கள் கண்ணாடி அலமாரியே அதிரும். ஜனகராஜ் அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து எழுந்தார். பிறகு உட்காரவே இல்லை.

வீரணன் அய்யா மேலே ஏறி வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கக்கத்தில் லேமினேட் செய்த அந்தத் தாள். மில்லில் இருந்து ஆணியோடு கழற்றிக் கொண்டுவந்திருந்தார். சிங்கப்பூரில் இருக்கும் அவர் மருமகன் முந்தின நாள் போன் செய்து, மாமா உங்க பேரைச் சின்னதாக்கிட்டாய்ங்க என்று சொல்லியிருக்கிறான். அண்ணன் நீட்டிய நாற்காலியை அவர் கவனிக்கவில்லை. தாளை மேஜையில் போட்டார். சிவப்பில், மஞ்சள் எழுத்தில், ஒரு சாண் உயரத்துக்கு வீரணன்.

“இது நான்,” என்றார். “இப்ப நான் எங்கன இருக்கேன்?”

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அண்ணனுக்கு எளிதாக இருந்திருக்கும். அவர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மூடப்போகும் இதழும் இருந்தது, போகப்போகிற திருவிழாப் போஸ்டர்களும் இருந்தன. நான் செவலை கட்டுரையைத் திறந்தேன். நாற்காலியை இழுத்துக் கம்ப்யூட்டர் முன்னால் போட்டேன்.

“உங்க பேரு இதுக்குள்ளதான் இருக்குங்கய்யா,” என்றேன். “நான் காட்டலை. நீங்களே கண்டுபிடிங்க.”

ஜனகராஜ் அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். வீரணன் அய்யா என்னை ஏற இறங்கப் பார்த்தார். இந்தப் பெண் யார், இவளுக்கு எவ்வளவு தைரியம் என்ற பார்வை. ஆனால் தேடாமல் போனால் பெயர் இல்லை என்று எப்படிச் சண்டை போடுவது? உட்கார்ந்தார். சட்டைப் பையைத் தொட்டுக் கண்ணாடி தேடியவர், வேண்டாம் என்று கையை எடுத்துவிட்டார். எழுத்து அவருக்குத் தெரிந்தது. எனக்கு அப்போதே பாதி ஜெயித்த மாதிரி இருந்தது.

விரலைத் திரையில் வைத்து வரிவரியாக இறங்கினார். பெயரை மட்டும் தேடுகிற வேகம் முதலில் இருந்தது. பத்து வரி போனதும் வேகம் குறைந்தது. உதடு அசைய ஆரம்பித்தது. கன்றாக வந்தபோது செவலை ஒருத்தரையும் பக்கத்தில் விடாமல் கட்டுத்தறியைச் சுற்றிச் சுற்றி வந்தது, செல்லத்தாய் அதைக் கண்மாயில் நீச்சல் பழக்கியது, பருத்திவிதையை அந்த அம்மா கையால் வைத்தால் மட்டும் தின்றது. செல்லத்தாய் வீரணன் அய்யாவின் தம்பி மனைவி. புருஷன் போன பிறகு அந்த வீட்டிலேயே இருந்து மாட்டைப் பார்த்துக்கொண்டவர். விழாக் கமிட்டித் தலைவரின் குடையைச் செவலை கொம்பில் தூக்கிக்கொண்டு ஓடிய இடம் வந்தபோது வீரணன் அய்யா சிரித்தேவிட்டார். ஆமா, ஆமா என்று எங்களைப் பார்த்துச் சொன்னார். கோபமாக வந்தவர் என்பதே அவருக்கு மறந்துவிட்டது. விரல் காட்டக் காட்ட நான் பக்கத்தை நகர்த்திக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்த இடம் வந்தது. ஜெயபாண்டி இப்படி எழுதியிருந்தார்:

‘கடைசி மூன்று நாளும் செவலை எதையும் தொடவில்லை. செல்லத்தாய் கையால் வைத்த பருத்திவிதையும் அப்படியே இருந்தது. ரோட்டில் புல்லட் சத்தம் கேட்டால் மட்டும் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தது. பால் சொசைட்டிக்காரரின் புல்லட் போனது. தலையைப் போட்டுக்கொண்டது. வாத்தியாரின் புல்லட் போனது. மறுபடி தூக்கியது, மறுபடி போட்டுக்கொண்டது. வீரணன் ஊரில் இல்லை.’

விரல் அங்கேயே நின்றது. பெயரைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் அந்தப் பத்தியின் தொடக்கத்துக்கு விரலைக் கொண்டுபோய் மறுபடி படித்தார்.

“இது இப்ப புதுசா எழுதினதா?” என்று கேட்டார்.

“இல்லைங்கய்யா. ஆடியில எழுதினது. ஒரு எழுத்து மாத்தலை,” என்றேன். “நீங்க கொண்டாந்திருக்கீங்களே, அதுலயும் இதுதான் இருக்கு.”

அவர் மேஜையில் இருந்த தாளை எடுத்துக்கொண்டு ஜன்னல் வெளிச்சத்துக்குப் போனார். கண்ணாடியை எடுத்து மாட்டினார். ஒரு சாண் வீரணனுக்கு மேலே நசுங்கிக் கிடந்ததைக் கண்ணைச் சுருக்கிப் படித்தார். பிறகு கீழே பார்த்தார். பெயருக்கு நேர் கீழே, எறும்பு ஊர்கிற மாதிரி, ‘ஊரில் இல்லை’ என்று இருந்தது. அவ்வளவு பெரிதாக அவர் பெயரை எழுதி அவர் ஊரில் இல்லை என்று சொல்கிற தாள் ஆடியிலிருந்து அவர் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது. மில்லுக்கு வந்தவர்கள் எல்லாம் பெயரைப் பார்த்துவிட்டு மூட்டையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

“மெட்ராஸ்ல இருந்தேன்,” என்றார் யாரிடமோ. “போன்ல கேட்டேன். லேசா தீனி எடுக்கலைன்னாய்ங்க.” பிறகு ஜெயபாண்டியைப் பார்த்தார். “இதை உனக்கு யாருப்பா சொன்னா?”

ஜெயபாண்டி எழுந்து நின்றார். “செல்லத்தாயி அக்காதாண்ணே. அதுவாத்தான் கூப்பிட்டு உக்கார வச்சுச் சொன்னுச்சு. இதைக் கண்டிப்பா எழுதுப்பான்னுச்சு.”

வீரணன் அய்யா தலையை ஆட்டினார். தம்பி மனைவி மூத்தவர் முன்னால் நின்று பேசுவது அந்த வீட்டில் வழக்கமில்லை. சாப்பாடு வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்வார், அவ்வளவுதான். நேரில் சொல்ல முடியாததை எழுதுகிறவனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார் அந்த அம்மா. அது வீரணன் அய்யாவுக்கும் ஜெயபாண்டிக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் புரிந்தது.

“தெனமும் அந்தப் புள்ளதான் மில்லுக்குச் சோறு கொண்டாருதும்மா,” என்றார் என்னிடம். “இதைப் பாத்துக்கிட்டேதான் வச்சிட்டுப் போகுது. மாட்டி வச்சிருக்கேன், அப்ப படிச்சிருப்பேன்னுதான நெனைக்கும். படிச்சிட்டும் ஒரு வார்த்தை கேக்கலையே, இவனெல்லாம் மனுசனான்னுல்ல நெனச்சிருக்கும்.”

எனக்கு அழுகை வந்தது. வந்ததை மறைக்கவும் இல்லை. ஜனகராஜ் அண்ணன் மட்டும் இன்னும் பயத்திலேயே இருந்தார். பதறிப்போய், இப்பவே பழையபடி பெயரைப் பெரிதாக்கிவிடுகிறோம், வேண்டுமானால் இன்னும் ஒரு சுற்றுக் கூட்டியே போட்டுவிடுகிறோம் என்று ஆரம்பித்தார். நான் அவர் சட்டையைப் பிடித்து இழுக்கலாமா என்று பார்த்தேன்.

“வேணாம் ஜனகராஜு,” என்றார் வீரணன் அய்யா. “நீங்க பெருசாப் போட்டீக, நான் அங்கனயே நின்னுட்டேன். இது இப்படியே கெடக்கட்டும்.”

புதுப் பக்கத்தை ஒரு தாளில் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். வெறும் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன். லேமினேட் செய்யட்டுமா என்று அண்ணன் கேட்டதற்குக் கையை அசைத்து மறுத்துவிட்டு, நான்காக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். பழைய தாளை மேஜையிலேயே விட்டுவிட்டார். படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார்.

ஜெயபாண்டி மேஜையில் கிடந்த தன் கடைசிக் கட்டுரையை எடுத்து, மேலே ‘இத்துடன் விடைபெறுகிறேன்’ என்று எழுதியிருந்ததைப் பேனாவால் அடித்தார். அடித்துவிட்டு, மாசி இதழுக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று கேட்டார். எப்போதும் கொடுக்கிற தேதியில்தான் என்றேன். ஜனகராஜ் அண்ணன் ஒருவழியாக உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்ததே எனக்குப் போதும்.

புல்லட் கிளம்புகிற சத்தத்துக்காக, செவலை தலையைத் தூக்கிக் காத்திருந்த மாதிரி, மூன்று பேரும் காத்திருந்தோம். வரவில்லை. அலமாரிக் கண்ணாடி அதிரவில்லை. ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தோம். வீரணன் அய்யா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அவ்வளவு கனமான வண்டியை இரண்டு கையாலும் பிடித்து, சந்து முழுக்க உருட்டிக்கொண்டே போனார். சந்து முடிந்து மாசி வீதி வந்தது, அங்கேயும் நிற்காமல் உருட்டிக்கொண்டு திரும்பினார்.

“வண்டி ஸ்டார்ட் ஆகலையா?” என்று கேட்டார் ஜனகராஜ் அண்ணன்.

“அவரு சாவியே போடலைண்ணே,” என்றேன்.